மூன்று பேருக்கு ஒரு கம்பளி

ராஸ் பாஸ்கோ மனைவியை விட்டுப் போன நாள், ஆஸ்திரேலியக் கோடையின் நடுவில், ஜனவரி மாதத்து முதல் சனிக்கிழமை. அன்றைக்கு விடிந்ததிலிருந்தே ரேடியோ ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தது. வெயில் நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டும், வடமேற்குக் காற்று சுழன்றடிக்கும், சாயங்காலம் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசும், காட்டோரம் குடியிருப்பவர்கள் இப்போதே கிளம்பிவிடுங்கள். டாரபெல் ஊரில் பாதிப் பேர் அதைக் கேட்டுத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ராஸ் மட்டும் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் கிளம்பிக்கொண்டிருந்தான்.

பிக்கப் வண்டியின் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டிருந்தவனை வாசலில் நின்று பார்த்தாள் கிளெனிஸ்.

"இன்னைக்கேவா போகணும்?"

"திங்கட்கிழமையே சொன்னேனே, கிளென். சனிக்கிழமைன்னு."

"சொன்னே. போகாதேன்னு நானும் சொல்லலை. இன்னைக்கு தீயணைப்பு வண்டியில உன் பேர் போட்டிருக்கு. அந்த சீட்டை யார் தலையில கட்டிட்டுப் போறே?"

"யாராவது வருவாங்க."

"யாராவதுன்னு ஒரு ஆள் இந்த ஊர்ல இல்லை, ராஸ்."

ராஸ் நிமிர்ந்தான். ஈர்க்குச்சிக்குச் சட்டை மாட்டியதுபோல இருப்பான். சிரித்தால் ஊரே மயங்கும். அப்போதும் சிரித்தான்.

"பாத்தியா? கட்டின புருஷன் வீட்டை விட்டுப் போறான். நீ வண்டியில யார் உட்கார்றதுன்னு கேக்கறே. இதுக்குத்தான் போறேன்."

கிளெனிஸுக்கு பதில் இருந்தது. ஆனால் ஒரு பதிலுக்கு ராஸ் ஒன்பது பதில் வைத்திருப்பான், ஒன்றிலும் விஷயம் இருக்காது. முப்பத்தோரு வருட அனுபவம். அவன் கேரவனுக்குள் சாமான்களை வீசுவதைப் பார்த்தாள். தூண்டில்கள், மடக்கு நாற்காலி, பியர் பெட்டி, கடைசியாக ஒரு பெரிய சிவப்புப் பை. கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்பு அதில்தான் இருந்தது.

"அது தீயணைப்புக் குழுவோடது."

"என் காசுல தைச்சது. வெல்வெட்டு. குழு காசு குடுத்திருந்தா காகிதத்துல தைச்சிருப்பாங்க."

கேரவன் கதவைச் சரியாகச் சாத்தாமல், வாசல் கேட்டைத் திறந்துபோட்டபடி, ராஸ் குவீன்ஸ்லாந்தைப் பார்த்துப் போய்விட்டான். கிளெனிஸ் இறங்கிப் போய் கேட்டைச் சாத்தினாள். அவன் திறந்துபோட்ட கேட்டை அவள் சாத்துவது அதுதான் கடைசி முறை என்று தோன்றியதும் அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை. அதற்குள் இடுப்பில் இருந்த அழைப்புக் கருவி அலறியது.

கிளெனிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பா மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அந்த ஊரில் இன்றைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் ஏதாவதொரு காலையில் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். பெல்ட்டைப் போடு. கையை வெளியே நீட்டாதே. ஆப்பிளைத் தின்கிறதானால் தின்னு, எறியாதே. அவள் குணம் அப்படி. ஒரு பாட்டில் மூடி திறந்து கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மூடி திறந்தே கிடக்கும் ஒரு வீட்டில் அவள் வாழ்க்கைப்பட்டாள். இதைவிடச் சுருக்கமாக அவள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல முடியாது.

தீயணைப்புக் குழுவில் அவள் சேர்ந்த காலத்தில் பெண்களுக்கு சாண்ட்விச் வேலைதான். ஆண்கள் தீயை அணைத்துவிட்டு வருவார்கள், பெண்கள் ரொட்டியில் வெண்ணெய் தடவுவார்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது, ஊர்க்காரர்கள் தாங்களே செய்கிற வேலை. கிளெனிஸ் செய்த சாண்ட்விச்சை ஒருமுறை தின்ற கேப்டன், "இந்தப் பொம்பளையை வண்டியில ஏத்துங்கப்பா, சமையலறையில விட்டா நாம உயிரோட இருக்க மாட்டோம்" என்றார். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாயா என்று கேட்டால் அவள் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள்.

வண்டியில் ஏறியவள், சில வருடங்களில் வண்டிச் சாமான்கள் அத்தனைக்கும் பொறுப்பாளி ஆனாள். வாராவாரம் திங்கட்கிழமை சாயங்காலம் வண்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, விரித்து, மடித்து, திரும்ப வைப்பாள். மற்றவர்கள் அதற்கு "கிளெனிஸின் பூசை" என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் அளவுகாட்டியில், கால் தொட்டிக்குக் கொஞ்சம் மேலே, நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தாள். கோட்டுக்கு மேலே இருக்கும் தண்ணீர் ஊருக்கு. கோட்டுக்குக் கீழே இருப்பது வண்டிக்குள் இருப்பவர்களுக்கு. தீ சூழ்ந்துகொண்டால் வண்டியின் கூரையிலும் சக்கரங்களிலும் நீர் தெளிக்கும் குழாய்கள் அந்தத் தண்ணீரில்தான் ஓடவேண்டும். கோட்டையும் எல்லோரும் கேலி செய்தார்கள். உதட்டுச்சாயத்தில் இன்னொரு கோடு போடேன், அது பியருக்கு என்றான் ஒருவன்.

டாரபெல்லில் ஒரு வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தாத்தா தீயணைப்பு வண்டியில்தான் வருவார். விளக்கைச் சுழலவிட்டு, சங்கு ஊதிக்கொண்டு, தெருத் தெருவாக மிட்டாய் எறிந்துகொண்டு. தாத்தா எப்போதும் ராஸ்தான். ஒல்லித் தாத்தாவை எந்தப் பிள்ளை நம்பும்? அதனால் வண்டியின் பின்சீட்டுக்குப் பின்னால், தீயில் மாட்டிக்கொண்டால் போர்த்திக்கொள்ள வைத்திருக்கும் மூன்று தடித்த கம்பளிகளில் இரண்டை எடுத்து வயிற்றில் சுற்றிக்கொள்வான். வருடாவருடம் கிளெனிஸ் கத்துவாள்.

"தலையணை வெச்சுக்கோயேன்!"

"தலையணை நழுவுது, கிளென். கம்பளின்னா தொப்பை நிக்குது."

"திருப்பி வெச்சிடு."

"வெச்சிடறேன், தாயே."

இந்த வருடம் அவன் வைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்த திங்கட்கிழமை ஊரில் யாரும் எழுந்திருக்கவே இல்லை, பூசையும் நடக்கவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை கிளெனிஸ் வண்டியில் இருந்தாள். கம்பளிப் பையில் கை வைத்த அந்த நேரத்தில்தான் ராஸ் தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குள் வந்து, "நான் சனிக்கிழமை கிளம்பறேன், திரும்பி வரமாட்டேன்" என்றான். பை புடைப்பாகத்தான் இருந்தது. கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் திறந்து பார்ப்பவள், அன்றைக்கு அதை மட்டும் திறக்கவில்லை.

சனிக்கிழமை அவள் கொட்டகைக்குப் போனபோது லின்ஸி ஹோல்ட் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தான். பால்மாடு வைத்திருப்பவன். அவளோடு ஒன்றாகப் படித்தவன். ஐம்பது வருடமாக அவளோடு எதிர்வாதம் பண்ணிக்கொண்டிருப்பவன்.

"ராஸ் எங்க?"

"போயிட்டான்."

"எங்க போயிட்டான்?"

"என்னை விட்டுட்டுப் போயிட்டான்."

"இன்னைக்கா?"

"அதைத்தான் நானும் கேட்டேன்."

ஆள் வேண்டும். ஊர் மதுக்கூடமான பப்பில் சமையல் பார்க்கும் டீனோ கார்போனி அந்தப் பருவம்தான் பயிற்சி முடித்திருந்தான். முப்பத்தைந்து வயது, கூப்பிட்டால் வந்துவிடுவான். கூப்பிட்டார்கள். அவன் வந்தான், பின்னாலேயே அவன் இத்தாலிய அம்மா அசுன்டாவும் வந்தாள், கையில் கரண்டியோடு.

"இது ராஸோட சீட்டு. எம்பிள்ளை எதுக்கு அதுல உட்காரணும்?"

"அம்மா, வீட்டுக்குப் போம்மா."

"நீ பேசாதே. கிளெனிஸ், உன்னைத்தான் கேக்கறேன். புருஷனை அடக்கி வெச்சுக்கத் தெரியலை, எம்பிள்ளையக் கேக்க வந்துட்டே."

வேறொரு நாளாக இருந்தால் கிளெனிஸ் அதற்கு நல்ல பதில் கொடுத்திருப்பாள். அன்றைக்கு, "ராத்திரி சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து விட்டுடறேன்" என்றாள்.

"அடுப்புல லசான்யா வெக்கப் போறேன். ஏழு மணிக்கு எடுப்பேன். தோல் கருகாம கொண்டுவந்து விடு. ஒரு இடம் குறைஞ்சிருந்தாலும் உன்கிட்டதான் கேப்பேன்."

"சரி."

"சரின்னு சொல்லாதே. சத்தியம்னு சொல்லு."

"சத்தியம். இப்ப வழிய விடு."

பிற்பகலில் அவர்களை ஹேன்லன் மேட்டுக்கு அனுப்பினார்கள். மேட்டு உச்சியில் இருந்த ஒரே வீட்டுக்காரர்கள் கிளம்பிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். கிளம்பியிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகை ஓரமாகப் புகைய ஆரம்பித்திருந்தது. அதற்குள் நின்றது லின்ஸியின் சித்தப்பா மகனுடைய புது டிராக்டர். லின்ஸி குழாயை எடுத்தவன் கீழே வைக்கவில்லை.

"போதும், லின்ஸி."

"இன்னும் கொஞ்சம்."

"கோட்டுக்கு வந்திடுச்சு."

"உன் கோட்டைத் தூக்கிக் குப்பையில போடு! அவன் இன்னும் தவணையே கட்டி முடிக்கலை!"

"டிராக்டருக்குத் தவணை உண்டு. உனக்கு உண்டா?"

அவள் பம்பை நிறுத்தினாள். லின்ஸி வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்திய சத்தம் மலைக்கே கேட்டிருக்கும். வீடு பற்றி எரிகிறபோது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டவன் ஒருவன் உண்டு என்பார்கள். வெந்துகொண்டிருக்கும் காட்டில் டிராக்டருக்காகக் கோபித்துக்கொண்டவன் லின்ஸி ஒருவனாகத்தான் இருப்பான்.

சாயங்காலம் திரும்பும் என்று சொன்ன காற்று, யாரையும் கேட்காமல் அப்போதே தெற்கிலிருந்து வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த தீ முகத்தைத் திருப்பிக்கொண்டு இவர்களைப் பார்த்து வந்தது. யூகலிப்டஸ் பட்டைகள் எரிந்தபடியே பறந்து வந்து கண்ணாடியில் மோதின. பாதி வழி இறங்கியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு மரம் எரிந்துகொண்டு கிடந்தது.

"சித்தப்பா மேய்ச்சல் நிலத்துக் கேட்டு வழியா இறங்கிடலாம்" என்றான் லின்ஸி.

"அந்தப் பக்கம் முழுக்கப் புல்லு. முழங்கால் உயரம். கிழங்கு வயலுக்குத் திருப்பு."

"அது உழுத வயலு. வண்டி அச்சு முறிஞ்சிடும்."

"முறியட்டும்."

"போன மாசம்தான் மாத்தினோம்!"

"லின்ஸி! திருப்பு!"

போன மாதம் உருளைக்கிழங்கு தோண்டிவிட்டு வெறும் மண்ணாகக் கிடந்த வயல் அது. நடுவில், தீ வரும் திசைக்கு வண்டியின் முகத்தைக் காட்டி நிறுத்தினான். என்ஜின் ஓடவேண்டும், விளக்கு எரியவேண்டும், கண்ணாடி ஏறியிருக்கவேண்டும், வெளிக்காற்று உள்ளே வரும் துவாரத்தை அடைக்கவேண்டும். கிளெனிஸ் ஒவ்வொன்றாகச் சொல்ல, டீனோ ஒவ்வொன்றாகச் செய்தான். எதையும் மறக்கவில்லை. ரேடியோவில் அவள் தங்கள் இருப்பிடத்தைச் சொன்னாள். மூன்று பேர், வண்டிக்குள், தீ மேலே வருகிறது. அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொன்னார்கள், இரைச்சலில் கேட்கவில்லை. ஜன்னல்களுக்கு உட்புறம் வெள்ளித் திரைகளை இழுத்து மாட்டினார்கள். மூன்று பேரும் பின்சீட்டுக்கு முன்னால் இருந்த தரை இடுக்கில் இறங்கினார்கள்.

"கம்பளி" என்றாள் கிளெனிஸ்.

டீனோ பையை இழுத்து வாயைப் பிரித்தான். மேலே இருந்து கிறிஸ்துமஸ் ஊர்வலத்து ஜிகினாத் தோரணம் கொத்தாக வந்தது. பச்சை, சிவப்பு, தங்கம். அதற்குக் கீழே மிட்டாய்ப் பொட்டலங்கள், பிளாஸ்டிக் மான்கொம்பு இரண்டு ஜோடி, மணி ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கம்பளி.

ஒரே ஒரு கம்பளி.

"மத்த ரெண்டும் எங்க?" என்றான் லின்ஸி.

கிளெனிஸுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. "தொப்பையில."

"எதுல?"

"ராஸோட தொப்பையில!"

"அவனுக்கு ஏது தொப்பை?"

"அதனாலதான்டா!"

லின்ஸிக்கு அப்போதுதான் புரிந்தது. "அந்தச் சிவப்புப் பை..."

"கேரவன்ல இருக்கு. ஏசி போட்டுக்கிட்டு வடக்க போயிட்டிருக்கு."

அவள் ஜிகினாவையும் மிட்டாயையும் அள்ளி முன்சீட்டுப் பக்கம் வீசினாள். டீனோவை நடுவில் தள்ளினாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தது அவனுக்காகத்தான். லின்ஸி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், தீ வரும் பக்கத்தில். கம்பளி இரண்டு பேருக்குத் தாராளம். மூன்று பேருக்கு எப்படி இழுத்தாலும் ஒரு முழம் பற்றவில்லை. பற்றாத முழம் அவள் பக்கம் வந்தது. ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ், நீங்க நடுவுல வாங்க" என்றான் டீனோ.

"பேசாம இரு. உங்க அம்மா கரண்டியோட நிக்கறா."

தெளிப்பானை முடுக்கினாள். கூரையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்கு மேல், மலையிலிருந்து லாரி லாரியாகச் சல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம் வந்து, தண்ணீர்ச் சத்தத்தை விழுங்கியது. வெள்ளித் திரையின் விளிம்புகளில் வெளிச்சம் ஆரஞ்சாகக் கசிந்து, பிறகு வெள்ளையானது. வண்டி ஆடியது. மூச்சு இழுத்தால் தொண்டை வெந்தது. முன்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் உருகும் நாற்றம். ஜிகினா சுருங்கிக்கொண்டிருந்தது.

"பாஸ்." டீனோவின் குரல் குழந்தைக் குரலாகியிருந்தது. "ஏதாவது பேசிட்டே இருங்க."

"என்ன பேச?"

"ஏதாவது. திட்டுங்க."

திட்டுவதற்கு அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஆரம்பித்தாள். கட்டின நாளிலிருந்து ஆரம்பித்தாள். ஜாடி மூடியை மூடாதவன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுபவன். கேட்டைத் திறந்துபோட்டு, பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து தக்காளி முழுவதையும் தின்றதும், ஆட்டுக்குத்தான் கூறில்லை என்றவன். தேனிலவுக்குப் போன இடத்தில் மீன் பிடிக்கப் போய்விட்டுச் சாயங்காலம் இன்னொரு விடுதிக்குத் திரும்பியவன். பொம்பளைகளெல்லாம் அவனைப் பார்த்து, உனக்கென்ன கிளெனிஸ், சிரிச்ச முகமா ஒரு புருஷன் என்று சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடித்தது அவள்தான். சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு வடிகாலைச் சுத்தம் பண்ண முடியுமா? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புகை தொண்டையை அடைத்தது. இருமிவிட்டுத் தொடர்ந்தாள். கம்பளியைப் பிடித்த முன்கை மெல்ல மெல்லத் தன்னுடையது இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சட்டைக் கை எப்போது மேலே ஏறியதோ.

"என் டிரில் மிஷின்" என்றான் லின்ஸி கம்பளிக்குள்ளிருந்து.

"என்ன?"

"எட்டு வருஷமா அவன்கிட்ட இருக்கு. அதையும் சேத்துக்கோ."

"சேத்தாச்சு. என் காலை மிதிக்காதே."

"அது என் கால்."

எங்கோ ஒரு கண்ணாடி படாரென்று விரிசல் விட்டது. டீனோ இத்தாலிய மொழியில் மாதாவைக் கூப்பிட்டான். பிரார்த்தனையில் எந்தப் பழக்கமும் இல்லாத லின்ஸி, கல்யாணத்தில் சொல்வதையும் சாவு வீட்டில் சொல்வதையும் கலந்து ஏதோ சொன்னான். கிளெனிஸ் காது கொடுத்துக் கேட்டது கூரையைத்தான். சல்லிச் சத்தம் குறையக் குறைய, அடியில் தண்ணீர்ச் சத்தம் இன்னும் இருந்தது. கோட்டுக்குக் கீழே இருந்த தண்ணீர். டிராக்டருக்குக் கொடுக்காத தண்ணீர். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதனிடம் கேட்டாள். வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு தாழ்ந்து அவள் எதையும் கேட்டதில்லை.

வெளிச்சம் மங்கி ஆரஞ்சாகி, பழுப்பான பிறகுதான் தண்ணீர் நின்றது.

"இறங்கலாமா?" என்றான் லின்ஸி.

"இரு."

"காத்தே இல்லை, கிளெனிஸ்."

"வெளியில மட்டும் என்ன வாழுது? இருன்னா இரு."

கையுறையோடுதான் கதவைத் திறக்க முடிந்தது. வயல் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. வயலைச் சுற்றி இருந்த வேலிக் கம்பங்கள் மெழுகுவர்த்திகளாக எரிந்தன. வண்டியின் பக்கக் கண்ணாடிகளின் பிளாஸ்டிக் கூடுகள் உருகி வாழைப்பூ மடல்போலத் தொங்கின. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லின்ஸியின் ஒரு காது தக்காளியாகச் சிவந்திருந்தது. டீனோ தன் கையை, முகத்தை, கழுத்தைத் தடவிப் பார்த்தான். ஒரு இடம் குறையவில்லை. அவன் குனிந்து மண்ணிலிருந்து எதையோ எடுத்தான். தோண்டும்போது தப்பிய சின்ன உருளைக்கிழங்கு, தோல் கருகியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தான்.

"பாதிதான் வெந்திருக்கு" என்றான் சமையல்காரன். பிறகு உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"எழுந்திரு. லசான்யா ஆறிடும்" என்றாள் கிளெனிஸ். அப்போதுதான் அவளுடைய வெந்துபோன முன்கையை லின்ஸி பார்த்தான். பார்த்தவன் முதல்முறையாக எதிர்வாதம் பேசாமல் தன் தண்ணீர்ப் பாட்டில் முழுவதையும் அதன்மேல் ஊற்றினான்.

இன்னொரு வண்டி வந்து அவர்களைக் கொண்டுபோனது. அசுன்டா மகனை முதலில் கைத்துண்டால் நாலு அடி அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். மறுநாள் கிளெனிஸின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒரு தட்டு நிறைய லசான்யா வந்தது. கூடவே ஒரு குற்றச்சாட்டும் வந்தது: "ஏழு மணின்னு சொன்னேன். எட்டேகால்."

அன்றைக்குத்தான் ராஸும் போன் செய்தான். நர்ஸ் போனைக் கிளெனிஸின் காதில் வைத்துப் பிடித்தாள்.

"உயிரோட இருக்கியா, கிளென்?"

"இருக்கேன்."

"வீடு?"

"இருக்கு."

"என் பட்டறைக் கொட்டகை?"

"இல்லை."

அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சில்லை. கொட்டகைக்காக. கிளெனிஸ் கம்பளியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள். நர்ஸ் பக்கத்தில் நின்றாள், கை வலித்தது, கேட்டாலும் ஒன்பது பதில்தான் வரும். விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மாதக்கணக்காக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

தீயில் மாட்டிய வண்டி என்றால் விசாரணை உண்டு. நகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். மூன்று பேரையும் குழுக் கொட்டகையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். தண்ணீரை மிச்சம் வைத்ததைப் பாராட்டினார். வயலைத் தேர்ந்தெடுத்ததைப் பாராட்டினார். பிறகு கேட்டார்.

"மூணு கம்பளி இருக்கணும். ஒண்ணுதானே இருந்திருக்கு?"

லின்ஸி மூச்சை இழுத்தான். கிளெனிஸ் முந்திக்கொண்டாள்.

"சாமானுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. பையைத் திறந்து பாக்கலை. என் தப்பு."

"அதுங்க எங்க போச்சு?"

"தெரியலைங்க."

அதிகாரி வெளியே போனதும் லின்ஸி மேசையைக் குத்தினான்.

"ஏன் அந்தக் குச்சிப் பயலைக் காப்பாத்தறே? உன்னை விட்டுட்டுப் போனவனை!"

"அவனை யாரு காப்பாத்தினா? நெருப்புல போட்டாலும் எனக்கென்ன?"

"அப்புறம்?"

"தாத்தா தொப்பைக்கு எடுத்தாங்கன்னு சொன்னேன்னு வை. அடுத்த வாரமே மேலேர்ந்து உத்தரவு வரும். வண்டியில தாத்தா கூடாது, மிட்டாய் கூடாது, விளக்கு சுத்தக் கூடாது. இந்த ஊர்ல பாதி வீடு போச்சு, லின்ஸி. பிள்ளைங்களுக்கு அந்த ஒரு நாளும் போகணுமா?"

லின்ஸி அதற்கு எதிர்வாதம் தேடினான். கிடைக்கவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய எரிச்சல்.

"யார்கிட்டயும் வாயைத் திறக்கக்கூடாது. ரெண்டு பேரும். ராஸ்கிட்டயும்தான்."

"ஊர் உன்னைத்தான் பேசும்."

"பேசட்டும். இத்தனை நாள் நான் ஊரைப் பேசலையா?"

ஊர் பேசியது. இவ்வளவு பேசுவாளே, கம்பளியை எண்ணத் தெரியலையா என்று பப்பில் பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சமையலறையில் நின்ற டீனோ, அப்படிப் பேசியவர்களின் தட்டில் உப்பை இரண்டு மடங்கு போட்டான். அவனால் முடிந்தது அதுதான். குழுக் கூட்டத்தில் கிளெனிஸிடமிருந்து சாமான் பொறுப்பை எடுத்து லின்ஸியிடம் கொடுத்தார்கள். யாரும் கடுமையாகச் சொல்லவில்லை, கை ஆறுவதற்கு ஓய்வு வேண்டாமா என்றுதான் சொன்னார்கள். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

லின்ஸி சாமான் பார்க்கும் அழகை அவள் தினமும் சகிக்க வேண்டியிருந்தது. கையுறைகள் ஜோடி மாறிக் கிடந்தன. வெந்த வண்டிக்குப் பதிலாக வந்த புது வண்டியின் அளவுகாட்டியில் கோடே இல்லை. ஒரு திங்கட்கிழமை அவள் பொறுக்கமாட்டாமல் நகப்பூச்சுப் புட்டியோடு போனாள். அங்கே கோடு இருந்தது. கோணலாக, மாட்டுக்கு அடையாளம் போடும் நீலச் சாயத்தில், லின்ஸி தானே போட்டிருந்தான்.

"வளைஞ்சிருக்கு" என்றாள்.

"இருந்துட்டுப் போகட்டும்."

"குடு இப்படி" என்று துணியால் துடைத்துவிட்டு, தழும்பேறிய கையால் நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டாள். அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் இரண்டு பேருமாகப் பூசை செய்தார்கள். கம்பளிகளை அவள் ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து வைத்தாள். இரண்டு தடவை.

கிறிஸ்துமஸ் மறுபடி வந்தது. மேலிருந்து எந்த உத்தரவும் வரவில்லை. பாதி ஊர் இன்னும் தகரக் கொட்டகைகளில்தான் இருந்தது, ஆனால் பிள்ளைகள் அத்தனை பேரும் தெருவுக்கு வந்தார்கள். டீனோ தாத்தாவாக வந்தான். அவனுக்குச் சொந்தத் தொப்பையே போதுமானதாக இருந்தது. தாத்தா ஏன் இத்தாலிய மொழியில் சிரிக்கிறார் என்று ஒரு பிள்ளை கேட்டது. கிளெனிஸ்தான் ஓட்டினாள். பின்னால் தொங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக்கத்தி, தொண்டை கட்டிப்போய், கொட்டகைக்குத் திரும்பி வண்டியை நிறுத்தினாள். முதல் வேலையாகப் பின்சீட்டுப் பையைத் திறந்து கம்பளிகளைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தன.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ராஸ். முதலில் ஒரு படம் வந்தது: ஏதோ கடற்கரையோரக் கேரவன் முகாம், வெல்வெட்டு உடுப்பில் சிரித்துக்கொண்டு ராஸ், வயிறு கும்மென்று உருண்டு நின்றது. அதற்குக் கீழே எழுதியிருந்தான்:

"கிளென், இங்க என்னைத் தாத்தா ஆக்கிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் பையைப் பிரிச்சேன். உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? நம்ம வண்டிக் கம்பளி ரெண்டு! நான் திருப்பி வெச்சதாத்தான் நினைச்சுட்டிருந்தேன். வேணும்னா பார்சல்ல அனுப்பறேன். ஆனா தபால் செலவு அநியாயமா இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்லையே?"